ஒட்டுறவுக் கெழு ஏன் இப்படி வந்தது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தரவு சேர்த்தாயிற்று, மென்பொருளில் ஏற்றியாயிற்று, ஒட்டுறவுக் கெழுவும் வந்துவிட்டது (இரண்டு மாறிகள், அதாவது அளந்த இரண்டு பண்புகள், எவ்வளவு சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண்). ஆனால் எண் சரியாகப் படவில்லை. குறி மாறி நிற்கிறது, அல்லது சுழியத்தை விட்டு நகர மறுக்கிறது, அல்லது நம்பவே முடியாதபடி 0.95 என்கிறது. பியர்சன் (மதிப்புகளை நேரடியாகக் கணக்கிடும் வழக்கமான கெழு) சரிப்படவில்லை, ஸ்பியர்மன் (மதிப்புகளின் தரவரிசையை மட்டும் பார்க்கும் கெழு) போட்டுப் பார்ப்போம் என்று பலரும் இந்த இடத்தில் வேறு சோதனையைத் தேடிப் போகிறார்கள். கோளாறு பெரும்பாலும் சூத்திரத்தில் இருப்பதில்லை. கேள்விகளுக்கு மதிப்பெண் போட்ட விதத்தில் இருக்கும், யாரிடம் கேட்டோம் என்பதில் இருக்கும், கிடைத்த எண்ணை வாக்கியமாக எழுதிய விதத்தில் இருக்கும்.

கீழே பெரும்பாலும் ஒரே ஆய்வை வைத்துப் பேசுவோம்: கல்லூரி மாணவர்களின் மன அழுத்தமும் தூக்கமும். அழுத்தத்துக்குப் பத்துக் கேள்விகள் கொண்ட பிஎஸ்எஸ்-10, தூக்கத்துக்குப் பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு, விடைகள் கூகுள் ஃபார்ம் வழியாக. உளவியல் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஜோடி இது. ஆய்வாளர் பெயரும் ஆண்டும் இல்லாமல் வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக அமைத்தவை. எக்செலில் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை சிதறல் வரைபடம். இரண்டு நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து ஸ்கேட்டர் படம் போட அரை நிமிடம் போதும். 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுப்புகளை அமைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, கெழுவும் ஒன்றே, சுமார் 0.816. படம் போட்டால்தான் வேறுபாடு தெரியும். ஒன்று சாதாரணப் புள்ளிக் கூட்டம். இன்னொன்று வளைவு. மூன்றாவதில் அச்சடித்த நேர்கோடும் அதை விட்டு விலகிய ஒரு புள்ளியும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்க, எங்கோ தூரத்தில் ஒற்றைப் புள்ளி. கெழுவை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நான்கும் ஒன்றுதான்.

அறிகுறி: எண்ணே வரவில்லை, பிழைச் செய்தி வருகிறது

எக்செலில் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடும் கோரல் (CORREL) சார்பு "சுழியத்தால் வகுத்தல்" பிழையைக் காட்டினால், ஒரு நெடுவரிசை முழுக்க உரையாக இருக்கிறது, அல்லது அதில் எல்லா மதிப்பும் ஒன்றாகவே இருக்கிறது. கூகுள் ஃபார்ம் விடைகள் "சில நேரம்", "அடிக்கடி" என்று சொல்லாகவே இறங்கும். அவற்றை எண்ணாக மாற்றிய பிறகே கணக்கு. எண் போலத் தெரிந்தும் செல்லின் இடப்பக்கம் ஒட்டி, மூலையில் பச்சை முக்கோணத்தோடு நின்றால் அதுவும் உரைதான். எல்லாம் உரையாக இருந்தால் பிழைச் செய்தியாவது வரும். ஏழெட்டுச் செல்கள் மட்டும் உரையாக இருந்தால் அந்த ஆட்கள் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து கழன்றுவிடுவார்கள். அதனால் கெழுவோடு எண்ணிக்கையையும் எப்போதும் பாருங்கள்.

அறிகுறி: குறி தலைகீழாக இருக்கிறது

அழுத்தம் கூடினால் தூக்கம் கெடும், ஆகவே எதிர்க்குறி வர வேண்டும் என்று கருதுகோள் எழுதியிருப்பார்கள். வந்ததோ +0.41. இதில் பாதிப் பேருக்குப் பிழையே இருக்காது. பிட்ஸ்பர்க் குறியீட்டின் பெயரில் "தரம்" என்று இருக்கிறதே தவிர, அதன் மதிப்பெண் 0-இலிருந்து 21 வரை ஏற ஏறத் தூக்கம் மோசம் என்று பொருள். 5-ஐத் தாண்டினால் கெட்ட தூக்கம். அழுத்தமும் கூடுகிறது, தூக்கக் கேடும் கூடுகிறது, எனவே நேர்க்குறிதான் சரி. ஆய்வேட்டில் அந்த மாறிக்குத் "தூக்கத் தரம்" என்று பெயர் வைக்காமல் "தூக்கக் குறைபாடு" என்று வைத்துவிட்டால் வாய்மொழித் தேர்வில் (வைவா) இந்தக் குழப்பம் எழாது.

மீதிப் பாதி உண்மையான பிழை. பிஎஸ்எஸ்-10-இல் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் எதிர்த்திசையில் கேட்கப்படுபவை. விடை 0 முதல் 4 வரை என்பதால் புதிய மதிப்பு = 4 கழித்தல் பழைய மதிப்பு. 1-இல் தொடங்கி 5-இல் முடியும்படி ஃபார்ம் அமைத்திருந்தால் 6-இலிருந்து கழிக்க வேண்டும். இதைத் திருப்பாமல் கூட்டினால் நான்கு கேள்விகள் ஒரு பக்கமும் ஆறு கேள்விகள் மறுபக்கமும் இழுக்கும். கெழு சுழியத்தை நோக்கிச் சரியும், சில நேரம் குறியே மாறும். கண்டுபிடிப்பது எளிது. ஒரே அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபாவைப் பாருங்கள். மிகக் குறைவாகவோ எதிர்க்குறியிலோ வந்தால் திருப்பல் தவறியிருக்கிறது. "மொத்தத்தோடு ஒட்டுறவு" என்ற பட்டியலில் எந்தக் கேள்வி எதிர்க்குறி காட்டுகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டு முறை திருப்பிவிடுவதும் உண்டு. மென்பொருளில் திருப்பிய மதிப்பை அதே நெடுவரிசையில் எழுதாமல் புதிய பெயரில் வைத்தால் அந்த ஆபத்து இல்லை.

திருப்பல் சரியாக இருந்தும் ஒரே ஒரு கேள்வி அடங்க மறுத்தால் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். ரோசன்பெர்க்கின் 1965-ஆம் ஆண்டு சுயமதிப்பு அளவுகோலில் பத்து வாக்கியங்கள், ஐந்து எதிர்மறை. அவற்றில் ஒன்றைத் தமிழில் "என் மீது எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதுகிறோம். மூலத்தின் நோக்கம், மரியாதை போதவில்லை என்ற குறையைப் பிடிப்பது. ஆனால் இந்தத் தமிழ் வாக்கியத்தைப் படிக்கும் மாணவிக்கு அது ஒரு நல்ல விருப்பமாகத்தான் படுகிறது. தன்னைப் பற்றி நிறைவாக இருப்பவரும் "ஆம்" என்று டிக் அடிப்பார். வேறு மொழிகளிலும் தகராறு செய்த வாக்கியம் இது. "எனக்கே என் மீது போதிய மரியாதை இல்லை என்று தோன்றுகிறது" என்று குறையை வெளிப்படையாக வைத்து, 20, 30 பேரிடம் முன்னோட்டம் பார்த்துவிட்டு இறங்குங்கள். தரவு வந்த பிறகு தெரிந்தால், அந்தக் கேள்வியோடும் அது இல்லாமலும் கெழுவைக் கணக்கிட்டு இரண்டையும் அறிக்கையில் தர வேண்டும்.

அறிகுறி: கெழு சுழியத்தை ஒட்டியே நிற்கிறது

"தொடர்பு இல்லை" என்று எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. இந்த ஒரு அறிகுறிக்குப் பின்னால்தான் மிக அதிகமான கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் வரிசை பிசகியிருக்கிறதா பாருங்கள். எக்செலில் ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால், ஒருவரின் அழுத்தம் இன்னொருவரின் தூக்கத்தோடு ஜோடி சேரும்; கெழு சுழியத்துக்கு வந்துவிடும். இரண்டையும் தனித்தனியே அடுக்கினால் நேர்மாறாக 0.97 போல வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, மூலக் கோப்பிலிருந்து கண்ணில் பட்ட ஐந்து பேரை எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. பிட்ஸ்பர்க் குறியீட்டை எல்லா விடைகளையும் கூட்டிக் கணக்கிட முடியாது. ஏழு கூறுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 3. அதில் ஒன்று தூக்கத் திறன்: தூங்கிய மணி நேரத்தைப் படுக்கையில் இருந்த மணி நேரத்தால் வகுத்து நூற்றால் பெருக்க வேண்டும். 85 விழுக்காடும் அதற்கு மேலும் 0. 75 முதல் 84 வரை 1. 65 முதல் 74 வரை 2. அதற்கும் கீழே 3. இங்கேதான் கடிகாரம் காலை வாரும். படுத்தது 11, எழுந்தது 6 என்று ஒருவர் எழுதியிருப்பார். 6-இலிருந்து 11-ஐக் கழித்தால் எதிர்க்குறியில் 5 மணி நேரம். இரவு 11 என்பதை 23 ஆக்கி, கழித்து, 24 கூட்டினால்தான் 7 வரும். 12 மணிக்குப் படுத்தவர் நள்ளிரவைச் சொன்னாரா நண்பகலையா என்பதும் ஃபார்மிலேயே தெளிவாகியிருக்க வேண்டும். திறன் 100-ஐத் தாண்டிய ஒவ்வொரு வரிசையையும் கையால் திறந்து பாருங்கள். அவற்றில் ஒன்றுகூடச் சரியாக இருக்க வழியில்லை.

மூன்றாவது, வளைந்த உறவு. அழுத்தம் 1, 2, 3, 4, 5, 6, 7 என்றும் தேர்வு மதிப்பெண் 40, 55, 65, 70, 65, 55, 40 என்றும் இருந்தால் கெழு துல்லியமாகச் சுழியம். உறவோ மிக வலுவானது. பியர்சன் நேர்கோட்டை மட்டுமே தேடும். ஏறி இறங்கும் வளைவில் ஸ்பியர்மனும் தோற்கும், ஏனென்றால் அதற்கும் ஒரே திசை வேண்டும். சிதறல் படத்தில் குன்று போலத் தெரிந்தால், அழுத்தத்தின் சராசரியைக் கழித்துவிட்டு அதன் வர்க்கத்தையும் சேர்த்து மீள்தொடர்பு (ஒரு மாறியை மற்றவற்றிலிருந்து கணிக்கும் ரிக்ரெஷன்) போடுங்கள். இந்தக் குன்றுக்கு ஆதாரமாக யெர்க்ஸ், டாட்சன் 1908 என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் ஆய்ந்தது எலிகள் மின்னதிர்ச்சியின் கீழ் வேறுபாடு கற்றுக்கொண்டதை. மனித மன அழுத்தத்தை அவர்கள் அளக்கவில்லை. மேற்கோள் காட்டும்போது அதையும் சொல்லிவிடுங்கள்.

நான்காவது, வீச்சு குறுகிப்போதல். நுழைவுத் தேர்வில் தேறி வந்தவர்களிடம் மட்டும் நுழைவு மதிப்பெண்ணுக்கும் பின்னாளைய தேர்ச்சிக்கும் உறவு தேடினால், கீழ்ப்பகுதி முழுக்க வாசலிலேயே நின்றுவிட்டது. மிஞ்சியவர்களுக்குள் வேறுபாடே குறைவு. உங்கள் கூறில் (நீங்கள் அளந்த ஆட்களில்) கிடைத்த திட்ட விலக்கத்தை, அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்ற அளவை, பொதுக் கூட்டத்தின் திட்ட விலக்கத்தோடு ஒப்பிடுங்கள். பொதுவானது உங்களுடையதைப் போல 1.5 மடங்கு, உங்கள் கெழு 0.30 என்றால் திருத்தம் இப்படிப் போகும்: 0.30 × 1.5 = 0.45. வகுக்கும் எண்ணுக்கு, 1-இலிருந்து 0.30-இன் வர்க்கத்தைக் கழித்து 0.45-இன் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும்: 1 − 0.09 + 0.2025 = 1.1125, அதன் வர்க்கமூலம் 1.055. வகுத்தால் 0.43. தெரிவு அந்த ஒரு மாறியை வைத்தே நடந்திருந்தால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும்.

ஐந்தாவது, அளவுகோலின் நம்பகத்தன்மை, அதாவது அதே ஆளை மறுபடி அளந்தாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் தரும் உறுதி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். உண்மை உறவு 0.50, இரண்டு அளவுகோல்களின் நம்பகத்தன்மை 0.60, 0.70 என்றால் கையில் கிடைப்பது 0.32 மட்டுமே: இரண்டையும் பெருக்கி (0.42), வர்க்கமூலம் எடுத்து (0.648), 0.50-ஐப் பெருக்கிப் பாருங்கள். இதையே திருப்பிப் போடும் திருத்தத்தை ஸ்பியர்மன் 1904-இலேயே கொடுத்துவிட்டார். திருத்திய மதிப்பைத் திருத்தாத மதிப்பின் பக்கத்தில் வைக்கலாம். அதன் இடத்தில் வைக்கக் கூடாது. ஒற்றைக் கேள்வியால் ஒரு மாறியை அளந்திருப்பவர்களுக்கு இந்த அடி பலமாக விழும்.

ஆறாவது, நாமே வெட்டிக்கொள்வது. தூக்க மதிப்பெண்ணை 5-இல் வெட்டி "நல்ல தூக்கம், கெட்ட தூக்கம்" என்று இரண்டாக்கிவிட்டுக் கெழு போடுகிறார்கள். இயல்நிலைப் பரவல் உள்ள ஒரு மாறியை நடுவில் வெட்டினால் கெழு ஏறக்குறைய 0.80 மடங்காகச் சுருங்கும், 0.40 இருந்தது 0.32 ஆகும். ஓரமாக வெட்டினால் இன்னும் சுருங்கும். 6 எடுத்தவரும் 18 எடுத்தவரும் ஒரே பெட்டியில் விழுகிறார்களே, தகவல் எங்கே மிஞ்சும்? முழு மதிப்பெண்ணையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: நம்ப முடியாத அளவுக்குப் பெரிய கெழு

ஒரு சின்னச் சோதனை. முதல் நெடுவரிசையில் 1, 1, 1, 2, 2, 2, 3, 3, 3. இரண்டாவதில் 1, 2, 3, 1, 2, 3, 1, 2, 3. கெழு 0. இப்போது பத்தாவதாக ஒரே ஒருவரைச் சேருங்கள்: இரண்டிலும் 10. கெழு 0.91, பி மதிப்பு (உண்மையில் உறவே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. ஒன்பது பேர் "உறவே இல்லை" என்றதை ஒருவர் அடித்துச் சாய்த்துவிட்டார். அதே பத்துப் பேருக்கு ஸ்பியர்மன் 0.29 மட்டுமே. இரண்டு கெழுக்களுக்கும் இடையே இப்படி ஒரு பள்ளம் தெரிந்தால் உடனே விலகிய புள்ளியைத் தேடுங்கள். அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். விடையளிக்காதவருக்கு 99 அல்லது 999 என்று குறியிட்டு, அதை "விடுபட்ட மதிப்பு" என்று எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குச் சொல்ல மறந்ததாகவும் இருக்கலாம். உண்மையான ஆளாகவே இருந்தால் நீக்கிவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. சேர்த்தும் நீக்கியும் இரண்டு கெழுக்களையும் கொடுங்கள்.

விலகிய புள்ளி இல்லையென்றால், இரண்டு அளவுகோல்களிலும் ஒரே கேள்வி இருக்கிறதா பாருங்கள். மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9-இன் மூன்றாவது கேள்வியே தூக்கம் பற்றியது. அதைப் பிட்ஸ்பர்க் குறியீட்டோடு ஒட்டுறவு பார்த்தால், தூக்கத்தைத் தூக்கத்தோடும் கொஞ்சம் ஒப்பிட்டிருக்கிறோம். அந்தக் கேள்வியை நீக்கி எட்டுக் கேள்விகளின் மொத்தத்தோடு மறுபடி கணக்கிடுங்கள். துணை அளவுகோலை மொத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு "உயர்ந்த ஒட்டுறவு" என்று எழுதுவதும் இதே பிழைதான்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: ஒரே ஆள், ஒரே அமர்வு, ஒரே மாதிரிக் கட்டங்கள். அன்று மனம் சோர்ந்திருந்தவர் எல்லாக் கேள்விக்கும் சோர்ந்தே பதில் தருவார். அந்த மனநிலை இரண்டு மாறிகளிலும் ஏறி, உறவு போல வேடமிடும். காம்பெல், ஃபிஸ்கே இருவரும் 1959-இலேயே சொன்ன வழி, வேறு வேறு முறையில் அளப்பது. தூக்கத்தை ஏழு நாள் தூக்கக் குறிப்பேட்டாலோ மணிக்கட்டில் கட்டும் அசைவுமானியாலோ அளங்கள். அது முடியாவிட்டால் இரண்டு வினாத்தாள்களுக்கும் இடையே சில நாள் இடைவெளியாவது விடுங்கள். படிக்காமலே டிக் அடித்தவர்களைப் பிடிக்கத் திருப்பிய கேள்விகள் உதவும்: பிஎஸ்எஸ்-10-இல் பத்துக்கும் "மிக அடிக்கடி" என்று நேர்கோடு போட்டவரின் மொத்தம் 24. எண்ணைப் பார்த்தால் இயல்பாகத் தெரியும். விடை வரிசையைப் பார்த்தால்தான் அது வெறும் கோடு.

அறிகுறி: அட்டவணையில் ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு எண்ணிக்கை

எஸ்பிஎஸ்எஸ்-இன் ஒட்டுறவு அட்டவணை இயல்பாகவே, ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு விடையும் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு கெழு 180 பேரிடமிருந்தும் அடுத்தது 143 பேரிடமிருந்தும் வந்தால் இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை. ஆப்ஷன்ஸ் பொத்தானில் முழு விடை உள்ளவர்களை மட்டும் எடுக்கும் தேர்வு இருக்கிறது. இரண்டு வழியிலும் போட்டு, பெரிய மாற்றம் இருந்தால் விடை தராதவர்கள் யார் என்று ஆராயுங்கள். பி மதிப்பு .000 என்று வந்தால் அப்படியே எழுதாமல், 0.001-ஐ விடக் குறைவு என்று எழுதுங்கள்.

அறிகுறி: பி மதிப்பு மிகச் சிறியது, கெழுவும் மிகச் சிறியது

1,000 பேர், கெழு 0.07. பி மதிப்பு 0.03-க்குக் கீழே, அது 0.05-ஐ விடக் குறைவு என்று காட்டும் ஒரு நட்சத்திரம் அட்டவணையில் ஒட்டிக்கொள்ளும். கெழுவை வர்க்கப்படுத்தினால் 0.0049; ஒரு மாறியின் மாறுபாட்டில் அரை விழுக்காடு மட்டுமே மற்றதோடு பகிரப்படுகிறது. நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் "முக்கியமானது" என்ற சொல்தான் இங்கே ஏமாற்றுகிறது. சுழியம் இல்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை.

ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று பெரிய தரவுத் தொகுப்புகள், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினர். திரைக் கருவிப் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் எதிர்க்குறி உறவு இருந்தது. ஆனால் மனநல வேறுபாட்டில் அது விளக்கியது அதிகபட்சம் 0.4 விழுக்காடு. கெழுவாகச் சொன்னால் சுமார் 0.06. பகுப்பாய்வை நியாயமாகச் செய்யக்கூடிய ஏராளமான வழிகளையும் ஒருசேரச் செய்து பார்த்து, விடை எப்படி எப்படி மாறுகிறது என்று காட்டியதுதான் அந்த ஆய்வின் பெரிய பலம். ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துத் தலைப்புச் செய்தி எழுதுபவர்களுக்கு அது தக்க பதில்.

இதன் மறுபக்கம், 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு. கெழு 0.40, பி 0.03. மகிழ்ச்சிதான். ஆனால் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (உண்மைக் கெழு இருக்கக்கூடிய எல்லை) 0.05 முதல் 0.66 வரை, ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதிலிருந்து மிக வலுவானது என்பது வரை எல்லாம் அதற்குள் அடங்கும். இதைப் பல புள்ளியியல் மென்பொருள்கள் ஒரு சொடுக்கில் தரும், அவற்றில் ஜாஸ்ப் இலவசம். எத்தனை பேர் வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். இருபக்கச் சோதனை, 5 விழுக்காடு அளவு, 80 விழுக்காடு கண்டறியும் திறன் (உண்மையில் இருக்கும் உறவைப் பிடிக்கும் வாய்ப்பு) என்றால் 0.30 கெழுவுக்குச் சுமார் 85 பேர், 0.20-க்குச் சுமார் 194, 0.10-க்குச் சுமார் 783. உளவியலில் காணும் வழக்கமான அளவு உறவுகளுக்குக் கெழு ஆட்டம் நின்று நிலைப்பட ஏறத்தாழ 250 பேர் தேவை என்று ஷோன்பிராட்டும் பெருஜினியும் 2013-இல் கணித்தார்கள்.

அறிகுறி: பெரிய அட்டவணை, ஆங்காங்கே நட்சத்திரங்கள்

20 மாறிகள் என்றால் 190 ஜோடிகள். எதற்கும் எதனோடும் உறவே இல்லாவிட்டாலும் 5 விழுக்காடு அளவில் ஒன்பது பத்து நட்சத்திரங்கள் தானாக விழும். அவற்றைச் சுற்றிக் கதை கட்டுவது சுலபம், அடுத்தவர் ஆய்வில் அவை மறைந்துபோகும். கருதுகோள்களைத் தரவுக்கு முன்பே எழுதிப் பதிவு செய்யுங்கள். மீதி ஜோடிகளைத் "தேடல்" என்று தனியே வைத்து, பல சோதனைகளை ஒருசேரச் செய்யும்போது பி மதிப்பின் எல்லையை இறுக்கும் ஹோம் திருத்தம் போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு பிழை. ஆண்கள் 60 பேர், கெழு 0.35, நட்சத்திரம் உண்டு. பெண்கள் 60 பேர், 0.20, நட்சத்திரம் இல்லை. "ஆண்களிடம் உறவு உண்டு, பெண்களிடம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு கெழுக்களையும் ஒப்பிடத் தோதான அளவுக்கு மாற்றும் ஃபிஷர் மாற்றத்துக்கு உட்படுத்தினால் 0.365, 0.203. வித்தியாசம் 0.163. பிழையளவு, 57-இன் (60 கழித்தல் 3) தலைகீழை இருமுறை கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.187. வகுத்தால் 0.87, 1.96-க்கு எட்டாத தூரம். இரு பாலாரின் கெழுக்களும் வேறு என்று சொல்ல இந்தத் தரவில் ஆதாரம் இல்லை.

அறிகுறி: குழுக்களைச் சேர்த்தால் ஒரு விடை, பிரித்தால் வேறு விடை

முதலாண்டு மாணவர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் ஒரே படத்தில் வேறு வேறு நிறத்தில் போடுங்கள். இரண்டு கூட்டங்கள் தள்ளித் தள்ளி நின்றால், சேர்த்த கெழு அந்த இடைவெளியைத்தான் அளக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் உறவு இல்லாமலோ எதிர்த்திசையிலோ இருக்கலாம்.

தனிநபர் தரவு கிடைக்காமல் மாவட்டச் சராசரிகளையோ நாட்டுச் சராசரிகளையோ வைத்துச் செய்பவர்கள் 1950-இல் வில்லியம் ராபின்சன் காட்டியதை மறக்கக் கூடாது. 1930-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், மாநில அளவில் வெளிநாட்டில் பிறந்தோர் விகிதத்துக்கும் எழுத்தறிவின்மைக்கும் கெழு −0.53. குடியேறியவர்கள்தான் அதிகம் படித்தவர்கள் என்று தோன்றும். தனிநபர் அளவில் பார்த்தால் +0.12. குடியேறியவர்கள், உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் போய்த் தங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். மாவட்ட அளவில் கண்டதை மாவட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

அறிகுறி: "அப்படியானால் எது காரணம்?" என்று தேர்வாளர் கேட்கிறார்

மூன்றாவது மாறியை முதலில் தேடுங்கள். 5 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் உயரத்துக்கும் சொல்வளத்துக்கும் கெழு 0.60, வயதுக்கும் உயரத்துக்கும் 0.80, வயதுக்கும் சொல்வளத்துக்கும் 0.75 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாறியின் பங்கை நீக்கிய பிறகு மிஞ்சும் உறவைக் காட்டும் பகுதி ஒட்டுறவின் சூத்திரத்தில் மேல் எண் (தொகுதி) 0.60 − (0.80 × 0.75) = 0. வயதை எடுத்தவுடன் உறவு மொத்தமாகக் கரைந்தது.

ஆனால் கிடைத்த மாறிகளையெல்லாம் இப்படி விலக்கிப் பார்ப்பது, அதாவது கட்டுப்படுத்துவது, பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. இரவு வெகுநேரம் கைப்பேசி பார்ப்பதால் தூக்கம் கெட்டு, அதனால் அழுத்தம் கூடுகிறது என்பது உங்கள் கருதுகோள் என்றால், தூக்கத்தைக் கட்டுப்படுத்தினால் நீங்கள் தேடும் பாதையையே மூடிவிடுகிறீர்கள். இன்னொரு பொறி 1946-இல் ஜோசஃப் பெர்க்சன் மருத்துவமனைத் தரவில் சுட்டியது. ஆலோசனை மையத்துக்கு வருபவர்கள் தூக்கம் கெட்டோ தேர்வுப் பயத்தாலோ வருகிறார்கள். வந்தவர்களிடம் மட்டும் கேட்டால், தூக்கம் நன்றாக இருப்பவருக்குப் பயம் அதிகமாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் அவர் வந்திருக்கவே மாட்டார். வெளியே இல்லாத எதிர்க்குறி உறவு உள்ளே முளைக்கிறது. ஆகவே எந்த மாறியைக் கட்டுப்படுத்துவது என்பதை மென்பொருளிடம் விடாமல், எது எதற்கு முன் நிகழ்கிறது என்று அம்புக்குறிப் படம் வரைந்து முடிவு செய்யுங்கள்.

திசை தெரிய வேண்டும் என்றால் காலத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். லெனார்ட் எரானும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க் மாநிலத்துக் கொலம்பியா கவுண்டியில் 1960-இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் தொடங்கி, பத்தாண்டு கழித்து அவர்களைத் திரும்பத் தேடிப் பிடித்து, 1972-இல் வெளியிட்டார்கள். 211 ஆண் பிள்ளைகளிடம், மூன்றாம் வகுப்பில் வன்முறை நிகழ்ச்சிகளை விரும்பியதற்கும் பத்தாண்டு கழித்த முரட்டுத்தனத்துக்கும் கெழு 0.31. எதிர்த்திசையில், அன்றைய முரட்டுத்தனத்துக்கும் பின்னாளைய நிகழ்ச்சி விருப்பத்துக்கும் 0.01. முரட்டுத்தனத்தைச் சக மாணவர்களே மதிப்பிட்டார்கள், மூன்றாம் வகுப்பு விருப்பத்தைத் தாய்மார்கள் சொன்னார்கள். ஒரே ஆள் இரண்டுக்கும் பதில் சொல்லும் கோளாறு இங்கே இல்லை. அருமையான வடிவமைப்பு. ஆனாலும் ஓர் ஓட்டை இருக்கிறது: பத்தாண்டில் முரட்டுத்தனம் தன்னோடு 0.38 அளவுக்கு நிலைத்தது, நிகழ்ச்சி விருப்பமோ 0.05 மட்டுமே. தன்னோடே நிலைக்காத ஒன்றை முன்கூட்டிச் சொல்வது கடினம்; ஆகவே 0.31-ஐயும் 0.01-ஐயும் நேருக்கு நேர் நிறுத்துவது சமமான போட்டி இல்லை. இப்போது இத்தகைய ஆய்வு செய்பவர்கள், ஹமாக்கரும் சக ஆய்வாளர்களும் 2015-இல் முன்வைத்தபடி, ஆளுக்கு ஆள் உள்ள நிலையான வேறுபாட்டைத் தனியே பிரித்துவிட்டு ஒரே ஆளுக்குள் நடக்கும் மாற்றத்தைப் பார்க்கிறார்கள். அதற்குக் குறைந்தது மூன்று முறை அளக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை அளந்த தரவுதான் கையில் இருக்கிறது என்றால், திருத்த வேண்டியது வாக்கியத்தை. தலைப்பில் "தாக்கம்", "விளைவு", "பங்கு" என்ற சொற்கள் இருந்தால் எடுத்துவிட்டு "தொடர்பு" என்று வையுங்கள். பிறகு முடிவுரையில் ஒவ்வொரு வினையாகப் பாருங்கள். தமிழில் இதற்குக் கைக்கெட்டும் சோதனை ஒன்று இருக்கிறது: கூடுகிறது, கூட்டுகிறது; குறைகிறது, குறைக்கிறது; மாறுகிறது, மாற்றுகிறது. ஜோடியில் இரண்டாவது வந்தால் ஒன்று இன்னொன்றைச் செய்கிறது என்று சொல்லிவிட்டோம். ஒட்டுறவு அதைச் சொல்ல அனுமதிப்பதில்லை. "தூக்கக் குறைபாடு மன அழுத்தத்தைக் கூட்டுகிறது" என்பதை இப்படி மாற்றுங்கள்: "மன அழுத்த மதிப்பெண் கூடியிருந்த மாணவர்களிடம் தூக்கக் குறைபாட்டு மதிப்பெண்ணும் கூடியிருந்தது, கெழு 0.34, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.21 முதல் 0.46, பங்கேற்பாளர்கள் 198." பரிந்துரைப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். முடிவுரையில் அடக்கமாக எழுதிவிட்டுப் பரிந்துரையில் "தூக்கத்தை மேம்படுத்தினால் அழுத்தத்தைக் குறைக்கலாம்" என்று முடிப்பவர்கள் பலர். அந்த வரிக்குப் பதிலாக, தூக்கப் பயிற்சியைச் சிலருக்குக் குலுக்கல் முறையில் கொடுத்துச் சோதிக்கும் அடுத்த ஆய்வைப் பரிந்துரையுங்கள்.